ஊர்ப்பாதையைச் சீர்செய்யக் கைக்கருவிகள்: கீழ்மலையில் எதை வாங்குவது, எதைப் பட்டறையில் செய்யச் சொல்வது?

கீழ்மலைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் கொடைக்கானல் கீழ்மலையில், பண்ணைக்காட்டுக்குப் பக்கம். ஊரிலிருந்து காப்பித் தோட்டங்கள் வழியாக இறங்கி, ஓடையைத் தாண்டி, எதிர்மலை ஊருக்கு ஏறும் பழைய நடைபாதை ஒன்று உண்டு. ஏறக்குறைய 4 கிலோமீட்டர். தாத்தா காலத்தில் வாழைத்தாரும் காப்பி மூட்டையும் மட்டக்குதிரையில் இந்த வழியாகத்தான் வந்தன. பஸ் வந்த பிறகு நடப்பவர்கள் குறைந்தார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் மரங்களைச் சாய்த்த பிறகு பாதி தூரத்துக்கு ஆள் நடமாட்டமே நின்றுவிட்டது. இப்போது ஒன்பது பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அதை மீட்டுக்கொண்டிருக்கிறோம்.

வீட்டில் இருந்ததை வைத்துத்தான் தொடங்கினோம். மம்பட்டி இரண்டு, வெட்டரிவாள் ஒன்று. கூடவே ஆன்லைனில் வாங்கிய ஒரு மடக்கு ரம்பம். ரம்பம் இரண்டாவது ஞாயிறே வளைந்துவிட்டது. அப்புறம் புதிதாக ஒரு மம்பட்டி வாங்கினோம். வேலை நடக்கும்போதே அதன் தலை காம்பிலிருந்து கழன்று பறந்தது. நல்லவேளை, யார் மேலும் படவில்லை. இவற்றைவிட மனதைக் கஷ்டப்படுத்தியது வேறு. நாங்கள் நன்றாக வழித்துச் சுத்தம் செய்த 200 அடி, ஒரே மழையில் வாய்க்கால் மாதிரி ஆகிவிட்டது. செடியோடு கிடந்தபோதாவது மண் நின்றது.

ஆளுக்குக் கொஞ்சம் போட்டு 12,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறோம். வெளிநாட்டு வீடியோக்களில் புலாஸ்கி, மெக்லியோட் என்று ஏதேதோ காட்டுகிறார்கள். நமக்கு அவை தேவையா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நீர்வழி:

தம்பி, கருவியைப் பிறகு பார்ப்போம். அந்த 200 அடி ஏன் வாய்க்கால் ஆனது என்று புரிந்தால், எந்தக் கருவி வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

மலைப்பாதைக்கு முதல் எதிரி தண்ணீர். மாடும் ஆளும் நடந்து நடந்து பாதையின் நடு அமுங்கும். ஓரத்தில் மண் ஒதுங்கி, பள்ளத்துப் பக்கம் சின்ன வரப்பு மாதிரி நிற்கும். மேலிருந்து வரும் தண்ணீர் அந்த வரப்பைத் தாண்ட முடியாமல் பாதையோடு ஓடும். ஓடும் தூரம் கூடக் கூட வேகமும் கூடும். நீங்கள் செடியை எடுத்தீர்கள், வேரையும் வழித்தீர்கள். வரப்பை மட்டும் விட்டுவிட்டீர்கள். அதுதான் காரணமாக இருக்கும்.

செய்ய வேண்டியது இரண்டு. முதலாவது, வெளி வரப்பை இழுத்து எடுத்துவிட்டு, பாதை பள்ளத்துப் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும்படி செய்வது. நூற்றுக்கு ஐந்து என்ற சாய்வு போதும். 3 அடி அகலப் பாதையில் உள்பக்கத்தைவிட வெளிப்பக்கம் ஏறக்குறைய 2 அங்குலம் தாழ்ந்திருந்தால் சரி. 3 அடிக் குச்சியின் ஒரு முனையில் 2 அங்குலக் கட்டையை ஆணியடித்து, மேலே கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தைக் கட்டிக்கொள்ளுங்கள். கட்டை உள்ள முனை வெளிப்பக்கம் இருக்கட்டும். குமிழி நடுவில் நின்றால் சாய்வு சரி. கண்ணை நம்பாதீர்கள். மலைச்சரிவில் நிற்கும்போது கண் எப்போதும் ஏமாற்றும்.

இரண்டாவது, நீளமான இறக்கத்தில் ஆங்காங்கே பாதையே கொஞ்சம் இறங்கி மறுபடி ஏறுவது போல ஒரு பள்ளம் அமைப்பது. தண்ணீர் அங்கே வந்து, வேறு வழியில்லாமல் வெளியே போய்விடும். குறுக்கே கட்டையோ கல்லோ பதிப்பதானால் நேர்குறுக்காக வைக்காதீர்கள், சாய்வாக வையுங்கள். நேராக வைத்தால் மேல்பக்கம் வண்டல் சேர்ந்து, அடுத்த மழைக்குத் தண்ணீர் அதன் மேலேறி ஓடும்.

இந்த இரண்டு வேலைக்கும் மண்ணை வெட்ட வேண்டும், தன் பக்கம் இழுக்க வேண்டும், பரப்பித் தட்டி இறுக்க வேண்டும். வெட்டவும் இழுக்கவும் நம் மம்பட்டியை மிஞ்சிய கருவி எனக்குத் தெரியாது. தட்டி இறுக்குவதற்குத்தான் நம்மிடம் குறை.

அங்கேதான் மெக்லியோட் வருகிறது. ஒரு பக்கம் தட்டையான அகலக் கொத்து, மறுபக்கம் பருத்த பற்கள் உள்ள வாரி. அமெரிக்காவில் சியரா காட்டின் வனக்காவலர் ஒருவர் 1905இல் தீத்தடுப்புக் கோடு போடுவதற்காக உருவாக்கியது. அவர் பெயரே கருவிக்கும் நின்றுவிட்டது. பற்களால் சருகையும் கல்லையும் வாரலாம், கொத்தால் வழிக்கலாம், அப்படியே நிமிர்த்தி அதன் தட்டையான அடியால் மண்ணைத் தட்டலாம். நான் வெளிநாட்டில் இரண்டு கோடைக்காலம் பாதை வேலையில் தன்னார்வலராக இருந்தேன். கையில் அதிக நேரம் இருந்தது இதுதான். கப்பல் செலவு கொடுத்து இதை வரவழைக்க வேண்டாம். பட்டறையில் செய்துவிடலாம்.

புலாஸ்கி என்பது ஒரு பக்கம் கோடாரி, மறுபக்கம் குறுகிய கொத்து. 1910 ஆகஸ்டில் ஐடஹோ காட்டுத்தீயில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஆட்களைச் சுரங்கம் ஒன்றுக்குள் ஒதுக்கிப் பெரும்பாலானவர்களைக் காப்பாற்றிய எட் புலாஸ்கியின் பெயர் அது. நல்ல கருவிதான். ஆனால் உங்கள் பாதைக்கு வாங்கச் சொல்ல மாட்டேன். காரணத்தை வேறு யாராவது சொல்வார்கள் என்று நினைக்கிறேன்.

பட்டறை வீட்டுப் பிள்ளை:

காரணத்தை நான் சொல்கிறேன். எங்கள் அப்பாவுக்கு வத்தலக்குண்டுப் பக்கம் பட்டறை. நான் கூடமாட நிற்பவன்.

இரண்டு பக்கமும் கூர் உள்ள கருவியைப் பழக்கமில்லாதவர் கையில் கொடுக்கக் கூடாது. கொத்த ஓங்கும்போது கோடாரி வாய் முகத்தைப் பார்த்து வரும். அதோடு, வேர் வெட்டிய வாயாலேயே கல்லையும் கொத்தினால் ஒரே நாளில் முனை மழுங்கிவிடும். கோடாரி தனி, குந்தாலி தனி. இரண்டையும் சேர்த்தால் எதுவும் முழுசாகச் செய்யாது.

மம்பட்டித் தலை பறந்ததைப் பற்றி. உண்மையைச் சொல்லுங்கள் அண்ணே, முந்தின நாள் ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டீர்களா? நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். மரம் ஊறிப் பருத்து இறுகியது போலத் தெரியும். வெயிலில் காய்ந்ததும் முன்பைவிடச் சுருங்கும், ஏனென்றால் ஊறும்போது வளையத்துக்குள் நார் நசுங்கிப் போயிருக்கும். ஆப்பு வையுங்கள். காம்பின் முனையைக் கொஞ்சம் பிளந்து, காய்ந்த மரத்தில் செய்த ஆப்பை அறைந்து இறுக்குங்கள். ஊறவைப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

காம்புக்குக் கீழே சமவெளியில் கருவேலம், உசிலை எடுப்போம். விடத்தேரை கிடைத்தால் இன்னும் நல்லது. எந்த மரமானாலும் நார் ஓட்டத்தைப் பாருங்கள். ஒரு முனையில் தொடங்கும் கோடு பக்கவாட்டில் வெளியே ஓடாமல் மறுமுனை வரை போக வேண்டும். ரம்பத்தில் அறுத்த சட்டத்தைவிடக் கையால் பிளந்த காம்பு உறுதியானது, பிளவு நாரோடுதான் போகும். கடையில் பளபளவென்று வார்னிஷ் அடித்து வைத்திருப்பார்கள். அதைச் சுரண்டிவிட்டு எண்ணெய் தடவுங்கள். வார்னிஷ் வியர்வையில் வழுக்கும், கொப்புளமும் போடும்.

இரும்பு விஷயம். மம்பட்டியும் கடப்பாரையும் டாடா அக்ரிகோ மாதிரி தெரிந்த கம்பெனித் தயாரிப்பாக வாங்கிக்கொள்ளுங்கள், அவற்றைப் பட்டறையில் அடித்து மிச்சம் பிடிக்க முடியாது. அரிவாளை மட்டும் கடையில் வாங்காதீர்கள். லாரி வில்லுப் பட்டையில் அடித்த அரிவாள் வேண்டும். அது கார்பன் அதிகமுள்ள எஃகு, காய்ச்சித் தோய்த்தால் வாய் சரியாகக் கடினமாகும். அளவைச் சொல்லி, முன்னே நின்று செய்யச் சொல்லுங்கள். பாதை வேலைக்கு என்று சொன்னால் மூக்கு அதிகம் வளையாமல், முதுகு கனமாக அடித்துத் தருவார்கள். அரிவாளுக்குப் பெயர்போன திருப்பாச்சேத்தி வரை போக வேண்டியதில்லை.

மெக்லியோட் படத்தை அப்பாவிடம் காட்டினேன். டிராக்டர் கலப்பையின் பழைய வட்டத்தட்டு ஒன்று கிடந்தால் போதும் என்றார். அதில் கொத்தையும் பற்களையும் வெட்டி, பின்னால் குழாய் வைத்துப் பற்ற வைத்துவிடலாம். பற்ற வைக்கும் இடத்தில் சூடு ஏறி எஃகு இளகிவிடும் என்பதால் குழாயை வாய்ப்பக்கத்திலிருந்து தள்ளி வைக்க வேண்டும் என்றும் சொன்னார்.

மலைச்சாரல்:

பெட்ரோல் போட்ட புதர்வெட்டும் மெஷின் ஒன்று வாங்கினால் பாதையை மூடிக் கிடக்கும் உண்ணிச்செடிப் புதர் (லாண்டானா) எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடுமே? வாடகைக்கும் கிடைக்கிறது.

காப்பித்தோட்டத்து அக்கா:

தோட்டத்துக்குள் சரி. அந்தப் பாதையில் வேண்டாம். காட்டுமாடு நிற்கிற இடம் அது. மெஷின் சத்தத்தில் பின்னால் செடி முறிகிற சத்தம் கேட்காது. நாங்கள் காப்பிப் பழம் எடுக்கும்போதே பேச்சைக் குறைத்துக்கொண்டு காதைத் திறந்துதான் வைத்திருப்போம். தவிர, மெஷின் செடியை மேலோடு சீவும். உண்ணிச்செடி அடியிலிருந்து இரண்டு மடங்காகத் தழைக்கும்.

எல்லோரும் இரும்பைப் பற்றிப் பேசுகிறீர்கள். பிடிக்கப் போகிறவர் யார் என்று கேட்டீர்களா? தம்பி, உங்கள் ஒன்பது பேரில் பெண்கள் எத்தனை? வயதானவர்கள்? எங்கள் தோட்டத்தில் முப்பது வருஷமாகக் களைக்கொத்துப் பிடித்த பெண்களுக்கு இடுப்பு போனதற்குக் காரணம் பாதி, காம்பு குட்டையாக இருந்ததுதான். கடையில் மாட்டித் தரும் காம்பு இரண்டரை, மூன்றடி இருக்கும். குனிந்தே வெட்ட வேண்டும். எங்கள் அம்மா தன் கொத்துக்கு மட்டும் நாலடிக் காம்பு போட்டு வைத்திருந்தார். அதை யாருக்கும் கடன் கொடுக்க மாட்டார். எழுபது வயது வரை நிமிர்ந்து நடந்தார்.

ஆனால் எல்லாவற்றுக்கும் நீளக் காம்பு போட்டுவிடாதீர்கள். பாதையில் நின்று வெளி வரப்பை இழுக்க நீளம் வேண்டும். மேல்பக்கத்து மண்சுவரைச் செதுக்க வரும்போது சரிவு நெஞ்சுக்கு நேரே இருக்கும், அங்கே நீளக் காம்பு இடிக்கும். எனவே இரண்டு நீளம், ஒன்று கனமான தலை, ஒன்று லேசான தலை. நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி இரண்டு மணிநேரம் அலுக்காமல் தூக்குகிற எடைதான் சரியான எடை. பலசாலி தூக்கிக் காட்டுகிற எடையைப் பார்த்து வாங்காதீர்கள்.

இன்னொன்று, தொரட்டி. யாருமே சொல்லவில்லை. தலைச்சுமையோடு வருகிறவர்களுக்குத் தலைக்கு மேல் இடம் வேண்டும். நீங்கள் வெறுங்கையோடு நடந்து பார்த்துவிட்டு, கிளை இடிக்கவில்லை என்று விட்டுவிடுவீர்கள். தலையில் விறகுக்கட்டு இருக்கிற ஆளுக்கு இடிக்கும். ஒருவர் தலையில் விறகுக்கட்டு வைத்துக்கொண்டு நடந்து பாருங்கள். எங்கே இடிக்கிறதோ அங்கே தொரட்டியால் இழுங்கள்.

குன்னூர்த் தேயிலை:

அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. நீலகிரியில் தேயிலைக் கவாத்துக்குத் தனிக் கத்தி வைத்திருப்போம். ஒரே வீச்சில் சாய்வாக வெட்ட வேண்டும், வெட்டு நசுங்கக் கூடாது. பாதையோரக் கிளைக்கும் அதே விதிதான். கிளையைப் பாதியில் வெட்டி முளை மாதிரி நீட்டிவிட்டால், அது காய்ந்து வருகிறவர் கண்ணைக் குத்தும். அடிமரத்தை ஒட்டி, ஆனால் அடியில் இருக்கிற வீங்கின கழுத்தை வெட்டாமல் எடுங்கள். விரல் பருமன் வரை கவாத்துக் கத்தரி, அதற்கு மேலே ரம்பம். பெரிய கிளையானால் முதலில் அடியில் கொஞ்சம் அறுத்துவிட்டு அப்புறம் மேலிருந்து அறுங்கள். இல்லையென்றால் பட்டை உரிந்து கீழே வரை கிழியும்.

இழுக்கும்போது அறுக்கிற ஜப்பான் பாணி ரம்பம் ஒன்று நல்லதாக வாங்குங்கள். அலகு மெல்லியதாக இருப்பதற்கே காரணம், அது இழுவையில் மட்டும் வேலை செய்கிறது. தள்ளினால் வளையும். உங்கள் முதல் ரம்பமும் அப்படித்தான் வளைந்ததோ என்று சந்தேகம். இதில் மட்டும் பணத்தைப் பார்க்காதீர்கள்.

பழைய காவலர்:

வேட்டைத் தடுப்புக் காவலராகப் பல ஆண்டுகள் மேல்மலையில் இருந்தவன். ஒன்றைக் கேட்க வேண்டும். பாதை முழுவதும் பட்டா நிலமா, அல்லது நடுவில் வனத்துறை நிலம் வருகிறதா?

கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், முன் அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையக் கூடாது என்று இருக்கிறது. ஆயுதம் என்றால் துப்பாக்கி மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள், கத்தியும் அந்த வரையறையில் உண்டு. நல்ல எண்ணத்தோடு அரிவாளைத் தூக்கிக்கொண்டு போன இளைஞர்கள் மாட்டிக்கொண்டு கண் கலங்கி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். விழுந்த மரமானாலும் வனத்துறை நிலத்தில் கிடந்தால் நீங்கள் அறுக்கக் கூடாது. ரேஞ்சர் அலுவலகத்தில் எழுத்துமூலம் கேளுங்கள். யார் யார், எந்தத் தேதி, என்னென்ன கருவி என்று பட்டியலோடு கொடுங்கள். 2018 மார்ச்சில் மலையேறப் போனவர்கள் உயிரிழந்த குரங்கணிக் காட்டுத்தீக்குப் பிறகு காட்டுக்குள் நடப்பதற்கே விதிகள் இறுகியிருக்கின்றன. ஊர்ப்பாதை, ஊர் ஆட்கள் என்று சொன்னால் காது கொடுத்துக் கேட்பார்கள். வெள்ளகவி மாதிரி பாதையையே நம்பிய ஊர்கள் இந்த மலையில் இருப்பது அவர்களுக்கும் தெரியும்.

பாதை ஓரத்தை அகலமாக வழிக்காதீர்கள் என்பது என் இரண்டாவது வேண்டுகோள். மண்ணைக் கிளறிய இடத்தில் வாட்டில் என்ற அயல்நாட்டு மரம் முளைக்கும். அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும், வெளிச்சமும் கிளறலும் பட்டால் எழும். 3 அடிப் பாதைக்கு 3 அடி மட்டும் வழியுங்கள். முளைத்த கன்றை மழைக்குப் பிறகு மண் ஈரமாக இருக்கும்போது கையால் பிடுங்கிவிடுங்கள். முழங்கால் உயரம் தாண்டினால் கருவி இல்லாமல் வராது.

உண்ணிச்செடிக்கு அரிவாள் தப்பான கருவி. ஆணிவேரை மண்ணுக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் கீழே வெட்டிவிட்டுப் புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். தழைக்கிற பகுதி அந்தக் கழுத்தில்தான் இருக்கிறது. அது போய்விட்டால் மறுபடி வராது. குறுகிய வாய் உள்ள குந்தாலி இதற்குப் போதும். ஓடைக்கரையில் மட்டும் எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுக்காதீர்கள், கரை சரியும்.

கீழ்மலைக்காரன்:

அனைவருக்கும் நன்றி. ஒன்பது வாரம் ஆயிற்று. நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் காவலர் ஐயா சொன்னபடி நிலத்தைப் பார்த்தோம். கிராம நிர்வாக அலுவலரிடம் வரைபடம் கேட்டோம். ஓடைக்கு அந்தப்பக்கம் ஏறக்குறைய 600 மீட்டர் வனத்துறை நிலத்தில் வருகிறது. மனு கொடுத்திருக்கிறோம். பதில் வரும் வரை அந்தத் துண்டைத் தொடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டோம்.

பிறகு வாங்கினவை. மம்பட்டி மூன்று, அதில் ஒன்று லேசானது. காம்புகளை எல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, இரண்டுக்கு நாலடி, ஒன்றுக்கு மூன்றடி போட்டோம். குறுகிய வாய்க் குந்தாலி ஒன்று. ஐந்தடிக் கடப்பாரை ஒன்று, இது கல் புரட்ட. இரண்டு அரிவாள் பட்டறையில் அடித்தது, ஒரு தொரட்டி, ஒரு கவாத்துக் கத்தரி, இழுவை ரம்பம் ஒன்று, அரம் ஒன்று, ரசமட்டம் ஒன்று. வாரிக்கொத்து (மெக்லியோடுக்கு நாங்கள் வைத்த பெயர்) ஒன்றைத் தம்பியின் அப்பாவே செய்து கொடுத்தார். இரும்புக்கு மட்டும்தான் காசு வாங்கினார். எங்கள் ஆட்கள் எல்லோரும் முதலில் கையில் எடுப்பது அதைத்தான். 12,000 ரூபாயில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, காம்புக்கு வைத்திருக்கிறோம்.

தம்பி கேட்டது உண்மை, ஊறப்போட்டுத்தான் வைத்திருந்தோம். ஆப்பு வைத்த பிறகு ஒரு தலைகூட அசையவில்லை.

வேலையில் எங்களை மாற்றியது அந்த 3 அடிக் குச்சிதான். 200 அடியை மறுபடி எடுத்தோம். வெளி வரப்பு சில இடத்தில் ஒரு சாண் உயரம் இருந்தது. இத்தனை நாள் அது எங்கள் கண்ணில் படவே இல்லை. அதை இழுத்து உள்பக்கத்துப் பள்ளத்தை நிரப்பி, வாரிக்கொத்தால் தட்டினோம். மூன்று ஞாயிறு ஆனது. போன வாரம் இரண்டு நாள் நல்ல மழை. மழையிலேயே குடையோடு போய் நின்று பார்த்தோம். தண்ணீர் பாதையைக் குறுக்கே கடந்து போனது, பாதையோடு ஓடவில்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் தேங்கியது, அங்கே சாய்வு உள்பக்கம் போயிருக்கிறது. அடையாளத்துக்குக் கல் வைத்துவிட்டு வந்திருக்கிறோம்.

பெண்கள் நாலு பேர் இருக்கிறோம் என்று என் தங்கை எழுதச் சொன்னாள் அக்கா. லேசான மம்பட்டி அவள் கையில்தான். அதற்கும் இப்போது கடன் கிடையாது.

ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. கருவிகளை மினி பஸ்ஸில் கொண்டுபோகும்போது கண்டக்டர் அரிவாளைப் பார்த்து ஏற்ற மறுக்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான். உறை எதில் செய்வது?

பட்டறை வீட்டுப் பிள்ளை:

பழைய லாரி டியூப். அரிவாள் நீளத்துக்கு மேல் நாலு விரல் கூட வைத்து வெட்டி, ஒரு ஓரத்தைச் செருப்புத் தைப்பவரிடம் இரட்டைத் தையல் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாய் படும் பக்கத்தில் உள்ளே ஒரு தோல் பட்டை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் ரப்பரை அறுத்துவிடும். ஈரத்தோடு உள்ளே போடாதீர்கள், துடைத்து எண்ணெய் தடவிப் போடுங்கள். மம்பட்டிக்கு உறை வேண்டாம், மூன்றையும் வாயோடு வாய் சேர்த்துச் சாக்கில் கட்டிவிடுங்கள்.

நடக்கும்போது எதையும் தோளில் வைக்காதீர்கள் அண்ணே. பள்ளத்துப் பக்கத்துக் கையில், தலை கீழே தொங்கும்படி பிடியுங்கள். கால் வழுக்கினால் பள்ளத்தில் எறிந்துவிடலாம். ஆளுக்கு ஆள் பத்தடி இடைவெளி.

நீர்வழி:

கல் வைத்த அந்த இடத்தை மண் காய்வதற்குள் சரிசெய்துவிடுங்கள். ஈரத்தில்தான் தட்டினால் இறுகும். நானும் அடுத்த ஞாயிறு வருகிறேன், திண்டுக்கல்லிலிருந்து முதல் பஸ். ரசமட்டம் இன்னொன்று என்னிடம் இருக்கிறது, எடுத்து வருகிறேன்.